மூன்று நாள் கோலாலம்பூரும் ஒரு கிழிந்த பக்கமும்

கோலாலம்பூர் படங்களைப் போட்ட நாளிலிருந்து "டீச்சர், பயணக் கட்டுரை எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சுற்றுலா போய் வந்த மறுநாளே உங்களைக் கட்டுரை எழுதச் சொல்லி உயிரை எடுத்தவள்தானே நான், இப்போது என் முறை. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போனது நாங்கள் நான்கு பேர். ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். இப்போது எட்டு முட்டிகளில் நல்ல முட்டி மூன்று தேறினால் அதிகம். "பொம்பளைங்க மட்டுமா போறீங்க?" என்று என் வீட்டுக்காரர் நாலு தடவை கேட்டார். ஐந்தாவது தடவை கேட்பதற்குள் டிக்கெட் போட்டுவிட்டோம். திருச்சியிலிருந்து நேர் விமானம், நாலு மணி நேரம். 2023 டிசம்பரிலிருந்து நம்மவர்களுக்கு 30 நாள் வரை விசாவும் தேவையில்லை. இணையத்தில் வருகை அட்டை ஒன்றை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். அதை என் மகன் நிரப்பிக் கொடுத்தான். எங்களை நம்பவில்லை.

வெள்ளி இரவு ஏறி, சனி காலையில் இறங்கினோம். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். வகுப்பில் எத்தனை முறை தீர்க்கரேகை நடத்தியிருப்பேன்! அன்றைக்குத் தூக்கம் கெட்டபோதுதான் பாடம் எனக்கே புரிந்தது. விமான நிலையத்திலிருந்து அரை மணி நேர ரயிலில் கே.எல். சென்ட்ரல். அதை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கினோம். பூக்கடை, வடை, கல்யாணச் சேலை, பழைய சினிமாப் பாட்டு எல்லாம் இருக்கிற தெரு அது.

அங்கிருந்தே புறநகர் ரயிலில் பத்துமலை. முருகன் சிலை 140 அடி, திறந்தது 2006இல். படிக்கட்டு 272. கணக்கு டீச்சராக இருந்த தோழி எண்ணிக்கொண்டே ஏறி, 269தான் என்று மேலே போய்ச் சண்டை பிடித்தாள். அறிவியல் டீச்சர் மட்டும் "நான் இங்கேருந்தே கும்பிட்டுக்கறேன்டி, நீங்க போங்க" என்று கீழேயே உட்கார்ந்துவிட்டாள். எங்கள் பைகளைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றியது அவள்தான். குகைக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தபோது மேலே திறப்பு வழியாக வெளிச்சம் இறங்கியது. முட்டி வலி கொஞ்ச நேரம் மறந்துபோனது.

சாயங்காலம் இரட்டைக் கோபுரம். 452 மீட்டர், 88 மாடி. 1998லிருந்து 2004 வரை உலகின் உயரமான கட்டடம் என்று உங்களைப் பாராமல் படிக்க வைத்தேனே, அதேதான். விளக்குப் போட்டதும் வெள்ளிக் கம்பி மாதிரி நிற்கிறது.

ராத்திரி சாப்பிடப் போன இடத்தில்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடை. தோசையும், அவர்கள் ஊர் தே தாரிக்கும் சொன்னோம். நம்ம ஊர் ஆற்றிய டீதான், கொஞ்சம் தித்திப்பு கூடுதல். பரிமாறிய பையன் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க எந்த ஊரும்மா?" என்றான். அவனும் அறந்தாங்கிப் பக்கம்தான். வந்து மூன்று வருஷம் ஆகிறதாம். நாங்கள் டீச்சர்கள் என்று தெரிந்ததும் அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எம் மகன் நாலாவது படிக்கிறான் டீச்சரம்மா. போன வாரம் வகுப்புல மேப்பைத் தொங்கவிட்டு, அப்பா இருக்கிற ஊரைத் தொட்டுக் காட்டச் சொன்னாங்களாம். சரியாத் தொட்டுட்டானாம். டீச்சர் எல்லாரையும் கைதட்டச் சொன்னாங்களாம். ராத்திரி ஃபோன்ல ஒரே சந்தோஷம்."

எனக்கு அதற்குமேல் தோசை இறங்கவில்லை.

1995 என்று நினைக்கிறேன், ஆறாம் வகுப்பு. நம் பள்ளிக்கு இருந்ததே ஒரே ஒரு அட்லஸ். ஒருநாள் தென்கிழக்கு ஆசியப் பக்கத்தைக் காணோம். "யார் கிழிச்சது?" என்றதும் ஒரு பையன் தானாகவே எழுந்து நின்றான். ஏன் கிழித்தாய் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இரண்டு கையிலும் பிரம்பால் அடித்தேன். புது அட்லஸுக்குப் பணத்தோடு வா என்று வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் பணம் வரவில்லை, பக்கம்தான் வந்தது. நாலாக மடித்துக் கொண்டுவந்து, சோற்றுப் பருக்கை தடவி அவனே ஒட்டினான். கோலாலம்பூரைச் சுற்றிப் பென்சிலால் வட்டம், காகிதம் ஓட்டையாகிற அளவுக்கு. கிறுக்கியதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

அவன் அப்பா கட்டட வேலைக்கு மலேசியா போனவர். பத்து மாதமாகக் கடிதம் இல்லை. பாஸ்போர்ட்டை யாரோ வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று மட்டும் காதுக்கு வந்திருக்கிறது. அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்ததால், காட்டுவதற்காகப் பக்கத்தை எடுத்துப் போயிருக்கிறான். தலைமையாசிரியர் இதை எனக்குச் சொன்னபோது மூன்று மாதம் ஓடியிருந்தது. அன்றைக்கே அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. டீச்சர் போய் மாணவனிடம் எப்படி என்ற கௌரவம். எட்டாவது முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அப்பா திரும்பி வந்தாரா என்றுகூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அறைக்கு வந்து தோழிகளிடம் சொன்னேன். "நாமெல்லாம் அடிச்சவங்கதானேடி" என்றாள் ஒருத்தி. ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு ஆறுதலாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மஸ்ஜித் ஜமேக் பார்த்தோம், 1909இல் கட்டியது. கொம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேருகிற முனையில் நிற்கிறது. மலாயில் கோலாலம்பூர் என்றால் சேற்று ஆறுகள் கூடும் இடம் என்று பொருள். இன்னொன்று, அரசு அலுவலகங்கள் பெரும்பாலும் புத்ராஜெயாவுக்குப் போய்விட்டன, ஆனாலும் தலைநகரம் இதுதான். புத்ராஜெயா என்று எழுதிய யாருக்காவது நான் மதிப்பெண் குறைத்திருந்தால், அது சரிதான். திரும்பும் வழியில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பூட்டிய கதவைப் பிடித்துக்கொண்டு நால்வரும் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த நாட்டில் இப்படி 500க்கும் மேல் இருக்கின்றன.

1995இல் ஆறாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். கமெண்டில் பெயர் போட வேண்டாம். அவன் நம்பர் யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள். அவன் இதைப் படித்தால் அவனே கூப்பிடட்டும். என் பழைய நம்பர்தான்.