உத்திரமேரூரில் ஒரு பெட்டிக் கடல்

உத்திரமேரூருக்கு எதற்காகப் போவார்கள்? கல்வெட்டைப் பார்க்கத்தான். நானும் அதற்காகவே போனேன். போன இடத்தில் இரண்டு நாள் கடலைப் பற்றியே பேசிவிட்டுத் திரும்பினேன் என்றால் சிரிப்பீர்கள். சென்னையிலிருந்து சுமார் 90 கிலோ மீட்டர் உள்ளே, நெல் வயலும் ஏரியுமாக இருக்கிற ஊர். உப்புக் காற்று அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

முதலில் கல்வெட்டைப் பார்த்துவிடுவோம். வைகுண்டப் பெருமாள் கோயிலின் கல் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து எழுத்துக்கள் வரிசை வரிசையாக ஓடுகின்றன. ஒரு சாசனம் 919-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, இன்னொன்று 921. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்பதுதான் விஷயம். ஊர் 30 குடும்புகள். தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வயது 35-க்குக் குறையக் கூடாது, 70-ஐத் தாண்டக் கூடாது. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். கடந்த மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் கூடாது.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கோ அப்புறம் இடமே கிடையாது. அவருக்கு மட்டுமா? அவருடைய பெரியம்மா, சின்னம்மா மக்கள், அத்தை மக்கள், அம்மான், மாமனார், மைத்துனர், மருமகன் என்று பட்டியல் நீளுகிறது. கல்யாணப் பத்திரிகை கொடுக்கக்கூட நாம் இத்தனை உறவை நினைவு வைத்துக் கொள்வதில்லை! (அந்தப் பட்டியலில் பெண்களுக்கு இடமில்லை என்பதை நீங்கள் கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்.) ஒரு ஊரில் யாரோடு யார் உட்காரலாம் என்பதற்கு இவ்வளவு யோசனை.

அந்த யோசனையோடுதான் பெரியம்மா வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் மூன்றடி நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. கப்பி மீன்கள் வாலை விசிறிக் கொண்டு திரிந்தன. சென்னையில் காலேஜில் படிக்கும் பேரன் லீவுக்கு வந்தபோது வாங்கி வைத்ததாம். எனக்கு அக்காள் மகன். என்னைக் கண்டதும் செல்போனை நீட்டினான்.

"சித்தி, இதைப் பாருங்க. இந்த மீனையெல்லாம் எடுத்துட்டுப் பவழம் வைக்கப் போறேன். அஞ்சு தினுசு. வியாபாரி ஒருத்தர் அனுப்பறேன்னு சொல்லியிருக்கார்."

படத்தைப் பார்த்து நானே ஒரு நிமிஷம் சொக்கிப் போனேன். பச்சை, ஊதா, ஆரஞ்சு, ரோஜா. விளக்கைப் போட்டால் ஒவ்வொன்றும் தீபாவளி மத்தாப்பு.

பெரியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "நெல்லு வித்த பணத்திலே கேக்கறான் கண்ணு. பூச்செடி மாதிரி அழகாத்தான் இருக்குது. அஞ்சையும் ஒண்ணா நட்டு வெச்சா வளராதா? நீ பத்திரிகையிலே எழுதறவ, நீயே சொல்லு."

நேயர்களே, இந்தக் கேள்வி பெரியம்மாவுடையது மட்டுமல்ல. "பவழம்" என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கழுத்து மாலை. அந்தச் சிவப்புப் பவழத்துக்குப் பேர் பெற்றது மத்தியதரைக் கடல். அது வேறு இனம். கண்ணாடிப் பெட்டியில் வைப்பது பாறை கட்டும் பவழம். இது செடியல்ல, கல்லும் அல்ல, பிராணி. சொறி மீனுக்கு ஒன்றுவிட்ட உறவு. பருப்பளவு உடம்பு, நடுவில் வாய், வாயைச் சுற்றிக் கைகள். ஆயிரக்கணக்கில் ஒட்டிக் கொண்டு, காலடியில் சுண்ணாம்பைக் கட்டிக் கொண்டே போகும். உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசியைக் குடி வைத்திருக்கிறது. வெயிலில் பாசி சமைக்கிறது, பவழம் சாப்பிடுகிறது. நிறத்தில் பெரும் பங்கும் அந்தக் குடித்தனக்காரனுடையது. தண்ணீர் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஓரிரு டிகிரி அதிகமாகிச் சில வாரம் அப்படியே நின்றால், குடித்தனக்காரன் வெளியேறுகிறான். பவழம் வெளுத்துப் பட்டினி கிடக்கிறது. மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் இப்படித்தான் பரவலாக வெளுத்தது.

"பிராணின்னா சண்டை போடுமா?" என்றாள் பெரியம்மா. எவ்வளவு சரியான கேள்வி!

போடும். பகலில் பரம சாது. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு சில ஜாதிப் பவழங்கள் நீளமான கைகளை விடுகின்றன. கலாக்ஸியா என்று ஒன்று. அதன் கொட்டும் கை ஒரு சாண் தூரத்துக்குக்கூட நீளும். நீரோட்டத்தில் அலைந்து கொண்டே பக்கத்து வீட்டுக்காரன் மேல் பட்டால், பட்ட இடம் வெந்து போகும். இன்னும் சிலதுக்குக் கை கூட வேண்டாம்; வயிற்றுக்குள் இருக்கும் இழைகளை வெளியே தள்ளி, அண்டை வீட்டுக்காரனை அவன் இருந்த இடத்திலேயே ஜீரணம் செய்துவிடும்.

இதை நன்றாகப் பார்த்துச் சொன்னவர் ஒரு பெண்மணி: ஜூடித் லாங். ஜமைக்காத் தீவுப் பவழங்களை ஆராய்ந்து 1971-இல் எழுதினார். ஒரே இனம் என்று எல்லோரும் நினைத்திருந்த பவழங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது ஒன்று மற்றொன்றைத் தின்றது. சொந்த இனத்தைத் தொடுவதில்லை. ஆகவே இவை ஒன்றல்ல, இரண்டு இனம் என்று முடிவு கட்டினார். பண்டிதர்கள் எலும்பைப் பார்த்துச் சொல்ல முடியாததைப் பவழமே தொட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டது!

மென்பவழம் என்ற வகை இன்னும் சூது. கைகலப்பே கிடையாது, தண்ணீரில் விஷத்தைக் கசிய விடும். கடல் என்றால் அடித்துக் கொண்டு போய்விடும். மூன்றடிப் பெட்டியில் எங்கே போகும்? சுற்றிச் சுற்றி எல்லோர் தலையிலும் விழும். அதற்காகக் கரி வைத்த வடிகட்டி போடுகிறார்கள்.

அப்படியானால் பல இனத்தைச் சேர்த்து வைக்கவே முடியாதா? முடியும், செய்கிறார்கள். இந்தோனேஷியாவில் ஜாகர்த்தா நகரத்து லீ சின் எங் என்பவர் உயிருள்ள பாறையும் காற்றுக் குமிழியும் மட்டும் வைத்துப் பவழம் வளர்த்த முறையை 1961-இல் எழுதி உலகுக்குச் சொன்னார். அவருக்குப் பக்கத்திலேயே கடல். தூரத்து ஊர்க்காரர்கள் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்புக் கலந்து கடலைத் தயார் செய்கிறார்கள். ஊறுகாய் உப்பு உதவாது. அதற்கென்று தனி உப்பு. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே தினமும் நல்ல தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்ட வேண்டும்.

வைக்கிற இடத்துக்கும் முறை உண்டு. மான் கொம்பு போல் கிளைக்கும் பவழத்துக்கு மேல் தட்டு; அதற்கு வெளிச்சமும் ஓட்டமும் பலமாக வேண்டும். அது வருஷத்துக்கு 10 சென்டிமீட்டர்கூட வளரும். குண்டுப் பவழமோ வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். இரண்டையும் நெருக்கி வைத்தால் கொம்புப் பவழம் குடை பிடித்துக் கீழே இருப்பதை நிழலில் சாக அடிக்கும். சண்டைக்காரனை ஓட்டம் போகிற திசையின் கடைசியில், ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். இன்றைய இடைவெளி போதாது. மூன்று வருஷம் கழித்து எவ்வளவு பருக்கும் என்று இன்றைக்கே கணக்கிட்டு இடம் விட வேண்டும். பெட்டியில் பாதி காலியாகத் தெரிய வேண்டும். அழகுக்கு ஆசைப்பட்டு நிரப்பியவர்கள் ஆறு மாதத்தில் அழுதிருக்கிறார்கள்.

பையன் மௌனமாகக் கேட்டுக் கொண்டிருந்தான். அந்தச் சமயம் மின்சாரம் போயிற்று. கதை ஜோடிக்கவில்லை, சித்திரை மாதத்து மத்தியானம், விசிறி நின்றது, பெட்டியில் குமிழியும் நின்றது. கப்பி மீன்கள் அதைச் சட்டை செய்யவில்லை. பவழமாக இருந்தால்? ஓட்டம் நின்று, தண்ணீர் சூடேறி, சாயங்காலத்துக்குள் ஆபத்து.

"இன்வெர்ட்டர் வாங்கிடலாம் சித்தி," என்றான். விடுவானா!

அப்புறம்தான் கடைசி விஷயத்தைச் சொன்னேன். முதலில் சொல்லியிருக்க வேண்டியது. 1972-ஆம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவழங்களை 2001-இல் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. நம் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். வெளிநாட்டுச் சரக்கு என்றாலும் சர்வதேச ஒப்பந்தப்படி அனுமதிக் காகிதம் வேண்டும். "வியாபாரியிடம் காகிதம் கேள்," என்றேன். கேட்டான். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை.

சட்டம் சும்மா வரவில்லை. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே 21 தீவுகள். சுற்றிலும் பவழப் பாறை. சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் பல வருஷம் வெட்டி வெட்டி ஏற்றினார்கள். அலையைத் தடுத்த வேலி போனதும் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 1986-இல் அந்தப் பகுதி கடல் தேசியப் பூங்காவாயிற்று.

இதைச் சொல்லும்போது என் நாக்கு கொஞ்சம் தடுமாறியது. ஏன் தெரியுமா? சிறு வயதில் ராமேசுவரம் போனபோது கோயில் வாசல் கடை ஒன்றில் அம்மாவை நச்சரித்து வாங்கிய வெள்ளைப் பவழக் கொத்து, வெகு காலம் எங்கள் வீட்டு அலமாரியில் கொலு வீற்றிருந்தது. வெள்ளை வெளேரென்று எவ்வளவு சுத்தம் என்று தூசி தட்டி வைப்போம். அது எலும்புக்கூடு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் வீட்டு அலமாரியையும் ஒரு தடவை பாருங்கள்.

பணம் என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? பெரியம்மா அதில் மூன்று ரயில் டிக்கெட் வாங்கினாள். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடிக்குப் பக்கத்தில் பிச்சைமூப்பன்வலசை என்று ஒரு கடற்கரைக் கிராமம். அங்கே அடியில் கண்ணாடி பதித்த படகில் வனத் துறையார் பவழம் காட்டுகிறார்கள். காற்று அடங்கிய காலை நேரமாகப் பார்த்துப் போங்கள்; கலங்கிய நாளில் காசுதான் நஷ்டம்.

பையனுக்கு முதலில் ஏமாற்றம். செல்போன் படத்தில் இருந்த மத்தாப்பு நிறம் இங்கே இல்லை. பழுப்பு, மங்கிய பச்சை, தேன் நிறம். அப்புறம் கண் பழகியது. ஒரு கிளி மீன் பாறையைக் கடிக்கிற சத்தம் மேலே கேட்டதாகச் சத்தியம் செய்தான். நான் கேட்கவில்லை.

பெரியம்மா முந்தானையைச் செருகிக் கொண்டு கண்ணாடி மேல் குனிந்தபடியே இருந்தாள். கீழே இரண்டு குண்டுப் பவழம் அருகருகே வளர்ந்திருந்தன. நிறம் வேறு, சாடை வேறு. நடுவே விரல் அகலத்துக்கு ஒன்றும் முளைக்காத வெற்றுக் கோடு.

"பாத்தியா கண்ணு," என்றாள். "வரப்பு விட்டிருக்குது."

படகுக்காரர் சிரித்துவிட்டு எஞ்சினைத் திருப்பினார். வெயில் ஏறிக் கொண்டிருந்தது.