கொர்ர்ர்ர்...

ரெண்டு வாரமா வண்டியில ஒரு புதுச் சத்தம். மாவு மில்லுல கல்லு மாட்டின மாதிரி 'கொர்ர்ர்'னு. 40-க்கு மேல போனாத்தான் வரும்.

பழகின சத்தம் எவ்வளவு பெருசா இருந்தாலும் காது கண்டுக்காதுங்க. என்னோடது 2011 மாடல். காலையில ஸ்டார்ட் பண்ணினா 'டிக் டிக்'னு டேப்பெட் அடிக்கும், அதுதான் எங்க வீட்டு சுப்ரபாதம். ஆனா புதுசா எலி பிராண்டுற மாதிரி ஒண்ணு கேட்டாப் போதும், தூக்கம் போச்சு.

மெக்கானிக் நின்ன இடத்துலயே ரெண்டு முறுக்கு முறுக்கினார். ஸ்க்ரூ டிரைவர் நுனியை இன்ஜின் மேல வச்சு, பிடியைக் காதுல வச்சுக் கேட்டார். டாக்டர் தோத்தார் போங்க. "டைமிங் செயின் சார். இன்ஜினைப் பிரிக்கணும், ஒரு 5000 ஆகும்." நின்ன வண்டியில அந்த 'கொர்ர்' வரவேயில்லைங்கறது ரெண்டு பேருக்குமே உறைக்கலை. சம்பளம் வரட்டும்னு வந்துட்டேன்.

வெள்ளிக்கிழமை பொண்ணை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர்றேன். மேம்பால இறக்கத்துல இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு உருள்ற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு (தங்கமணி இதைப் படிக்கக் கூடாது). பின்னாடியிருந்து ஒரு குரல்:

"அப்பா, இன்ஜின் ஆஃப்ல இருக்கு. அப்புறம் எப்படி அது கத்துது?"

பளார்னு அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. முறுக்குறதுக்கு ஏத்தபடி மாறினா அது இன்ஜின் சத்தம். வேகத்துக்கு ஏத்தபடி மாறினா சக்கரம், செயின், பிரேக் இதுல ஏதோ ஒண்ணு. ஓடுறப்ப கிளட்சைப் பிடிச்சாலே தெரிஞ்சிருக்கும். பதினஞ்சு வருஷமா வண்டி ஓட்டுற எனக்குத் தோணலை, மூணாங் கிளாஸுக்குத் தோணுது!

வீட்டுக்கு வந்து சென்டர் ஸ்டாண்டு போட்டேன். பின் சக்கரத்தைச் சுத்தினா செயின் சத்தம் மட்டும்தான். பொண்ணைப் பின் சீட்டு நுனியில உட்கார வச்சதும் முன் சக்கரம் தூக்கிக்கிச்சு. கையால சுத்தினேன். கொர்ர்ர்ர். மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா, எங்க பாட்டியோட கடைசிப் பல்லு மாதிரி ஆடுது. வீல் பேரிங்!

மறுநாள் வேற கடையில கழட்டினாங்க. டிஸ்க் பக்கத்து பேரிங்ல சீல் கிழிஞ்சு, தண்ணி புகுந்து, குண்டெல்லாம் துரு. ரெண்டு பேரிங்கும் கூலியும் சேர்த்து 480 ரூபாய்.

அதுக்கு அடுத்த நாள் ஞாயிறு, மூணு பேரும் அதே வண்டியில ஏற்காடு போறதா இருந்தோம். 20 கொண்டை ஊசி வளைவு. இறக்கத்துல பிரேக் பிடிச்சா மொத்த பாரமும் முன் சக்கரத்துல தான் சாயும். சனிக்கிழமை ராத்திரி ரொம்ப நேரம் தூக்கம் வரலை. காலையில பஸ்ஸுல தான் போனோம். ஏன்னு தங்கமணி கேட்டாங்க, கூட்டம் கம்மியா இருக்கும்னேன். நின்னுக்கிட்டே போனோம் :-)

துருப்பிடிச்ச அந்தக் குண்டுகளைப் பொண்ணு கேட்டு வாங்கி ஜியாமெட்ரி பாக்ஸுல போட்டு வச்சிருக்கா. நடக்குறப்ப எல்லாம் ஸ்கூல் பைக்குள்ள இருந்து 'கொர்ர்ர்'.