கதவு ஏன் திறந்து கிடக்கிறது?

பெக்கோ, லோடர், டோசர் போன்ற கனரக இயந்திரங்களின் கெபின் கதவைச் சுற்றி ஓடுகிற ரப்பர் பீடிங்கை அளந்து, வடிவம் தீர்மானித்து, செய்வித்துப் பொருத்துவது என் தொழில். கோடிக்கணக்கில் விலை போகும் இயந்திரத்தில் மிக மலிவான பாகங்களில் ஒன்று இது. எஞ்சின் எண்ணெய் ஒழுகினால் முதலாளி அன்றைக்கே ஆள் அனுப்புவார். பீடிங் கிழிந்தால் ஓப்பரேட்டர் பழந்துணியைத் திணித்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுவார். எஞ்சின் பழுது முதலாளியின் பணத்தைத் தின்கிறது. பீடிங் பழுது ஓப்பரேட்டரின் நெஞ்சைத் தின்கிறது. இரண்டாவதற்கு யாரும் பில் போடுவதில்லை.

கிண்ணியாவில் பிறந்தவர்களுக்கு மண்ணும் மணலும் புதிதல்ல. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலோடு கலப்பது எங்கள் பக்கத்தில்தான். 2004 சுனாமிக்குப் பிறகு இடிபாடு அள்ள இயந்திரங்கள் வந்தன. திருகோணமலையிலிருந்து ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி வந்த காலம் 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததோடு முடிந்தது. வீதி வேலை, கிறவல் வேலை, மணல் வேலை எல்லாம் பெருகின. எங்கள் இளைஞர்கள் பலர் அந்த இயந்திரங்களில் கைபழகிக்கொண்டு வளைகுடா நாடுகளுக்குப் போனார்கள். நானும் போனேன், ஓட்டுவதற்கல்ல, பழுதுபார்க்க.

அங்கே கோடையில் வடமேற்கிலிருந்து ஷமால் காற்று கிளம்பினால் மாவு போன்ற புழுதி எங்கும் நுழையும். எங்கள் வேர்க்‌ஷொப்பில் இருந்த மலையாளி ஃபோர்மன் பீடிங் வேலையை எனக்குக் கற்றுத் தந்தார். அவர் கையில் எப்போதும் ஒரு மீற்றர் நீளமான கண்ணாடி நிறப் பிளாஸ்ரிக் குழாய் இருக்கும். அதை ‘யூ’ வடிவில் வளைத்துப் பலகையில் கட்டி, சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர் கொஞ்சம் ஊற்றுவார். குழாயின் ஒரு முனை கெபினுக்கு உள்ளே, மறுமுனை வெளியே. கதவை மூடி, காற்றாடியை முழு வேகத்தில் விட்டால் வெளிப்பக்கத் தண்ணீர் மெல்ல ஏற வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் 5 மில்லிமீற்றர் வித்தியாசம் வந்தால் கெபினுக்குள் 50 பாஸ்கல் மேலழுத்தம் இருக்கிறது என்று அர்த்தம். மண் அள்ளும் இயந்திரங்களின் கெபினுக்கான ஐ.எஸ்.ஓ. 10263 தரநியமம் சொல்லும் குறைந்த அளவும் அதுதான். அந்த அழுத்தம் இருந்தால் காற்று எப்போதும் உள்ளேயிருந்து வெளியே போய்க்கொண்டிருக்கும். சின்ன இடுக்கு இருந்தாலும் புழுதி எதிர்த்து உள்ளே வர முடியாது.

பீடிங் கெட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். கதவின் சுற்றளவு சுமார் 5 மீற்றர். சுற்றிவர 2 மில்லிமீற்றர் இடைவெளி என்றால் பார்வைக்கு ஒன்றுமில்லை. கூட்டிப் பார்த்தால் 10 சென்ரிமீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் ஓட்டை. காற்றாடி தள்ளும் காற்றெல்லாம் அதன் வழியே போய்விடும், சிவப்புத் தண்ணீர் அசையாது. சத்தமும் அப்படித்தான். ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதியை எவ்வளவு தடித்த இரும்பால் செய்தாலும் 20 டெசிபெல்லுக்கு மேல் சத்தம் குறையாது. நான் சொன்ன ஓட்டை கெபின் கதவில் ஏறக்குறைய அந்தப் பங்குதான்.

புழுதியிலும் வித்தியாசம் உண்டு. ஆற்று மணல் பருமனானது, பெரும்பாலும் ஈரமானது. கண்ணை உறுத்தும், நுரையீரலின் அடிக்குப் போகாது. கருங்கல்லை உடைக்கும் இடத்தில் எழும் தூசி வேறு. தலைமுடியின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த சிலிக்கா துகள்கள் அதில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தும்மலில் வெளியே வராது, நுரையீரலில் தங்கித் தழும்பாக்கும். சிலிக்கோசிஸ் என்னும் அந்த நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் 2016இல் வெளியிட்ட விதிப்படி, எட்டு மணிநேர வேலையில் ஒரு கன மீற்றர் காற்றில் சராசரியாக 50 மைக்ரோகிராம் சிலிக்காவுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு கிராமில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு அது.

ஊருக்குத் திரும்பி இந்தத் தொழிலைத் தொடங்கியபோது, எந்த ரப்பர் என்பதுதான் முதல் கேள்வியாக நின்றது. நம்முடையது ரப்பர் விளையும் நாடு. 1876இல் கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்தில் கன்றுகள் நடப்பட்ட நாளிலிருந்து அந்தப் பெயர் நமக்கு உண்டு. ஆனாலும் கதவு பீடிங்குக்கு மரத்து ரப்பர் தோதுப்படாது. அதன் மூலக்கூறுச் சங்கிலியின் நடுவிலேயே இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. காற்றிலுள்ள ஓசோன் அங்கே வெட்டும். வளைந்து நிற்கும் ரப்பரில் குறுக்கே வெடிப்பு விழும். ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரில் அந்தப் பிணைப்பு சங்கிலியின் பக்கக் கிளையில் இருக்கிறது. கிளை அறுந்தாலும் சங்கிலி அறாது. வெயில், உப்புக்காற்று, மாரி மழை எல்லாவற்றையும் தாங்கும். ஆனால் டீசலும் எண்ணெயும் பட்டால் ஊதிவிடும். கிறீஸ் ஒட்டிய சப்பாத்து மிதிக்கும் கீழ்ப்படியில் அதனால் நான் நியோபிரீன் போடுவேன்.

அடுத்தது, நசுங்கிய பீடிங் மீண்டு எழுமா என்பது. புதிய பீடிங் எல்லாமே மெத்தென்றுதான் இருக்கும், கடையில் அமுக்கிப் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒரு துண்டை வெட்டி, இரண்டு தகட்டுக்கு நடுவே வைத்து, உயரத்தில் கால்பங்கு குறையும்வரை கிளாம்ப் போட்டு இறுக்கி, 70 பாகைச் சூட்டில் 22 மணிநேரம் வைக்க வேண்டும். கழற்றி அரை மணிநேரம் ஆறவிட்டு அளக்க வேண்டும். நசுங்கிய அளவில் எத்தனை பங்கு திரும்பவில்லை என்பதுதான் அந்த ரப்பரின் ஆயுளைச் சொல்லும். பாதி திரும்பாத ரப்பரை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க மாட்டேன்.

வடிவத்தில் கஷ்டமான இடம் மூலை. உள்ளே வெற்றிடமுள்ள குமிழ் பீடிங்கைக் கடும் வளைவில் திருப்பினால் உட்புறம் சுருங்கி மடியும், குமிழ் சப்பையாகிவிடும். அங்கே உள்ளுக்குள் ஒரு ஸ்பொஞ்சுக் குச்சியைச் செருகினால் வட்டம் நிற்கும். இரண்டு முனையும் சேரும் ஒட்டு, மழை அடிக்கும் மேல்பக்கத்தில் வராமல் கீழ்ப்பக்க நடுவில் வர வேண்டும். பிணைச்சல் பக்கத்தில் பீடிங் நேராக நசுங்காது, உரசி உரசி நசுங்கும். அங்கே தோல் தடித்த வகை வேண்டும். பிணைச்சல் ஆணி தேய்ந்து கதவு இறங்கியிருந்தால் எந்தப் பீடிங் போட்டும் பயனில்லை. பீடிங் முழுக்கச் சோக்குத் தூள் தடவி, கதவை ஒருதரம் மூடித் திறந்தால் விளங்கிவிடும்: சட்டத்தில் வெள்ளைக் கோடு எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே பீடிங் தொடவேயில்லை.

இவ்வளவும் தெரிந்தால் இந்தத் தொழில் முடிந்தது என்றுதான் நானும் இருந்தேன். மீதியைச் சொல்லித் தந்தவர் ஒரு ஓப்பரேட்டர்.

கந்தளாய்ப் பக்கம் ஒரு கல்குவாரி. பெக்கோ ஓட்டுகிறவர் இருமிக்கொண்டே இருக்கிறார், பீடிங் மாற்ற வேண்டும் என்று முதலாளி அழைத்திருந்தார். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த காலம். மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு வெறும் சூட்டோடு எங்கள் கரைக்கு வருகிற காற்று அது. போய்ப் பார்த்தால் கெபின் கதவு கயிறு போட்டுப் பின்பக்கம் கட்டியிருந்தது. பீடிங்கைத் தடவிப் பார்த்தேன். பழையதுதான், ஆனால் கிழிசல் இல்லை. மூடாத கதவில் எப்படித் தேயும்?

“நானா, இந்தக் கதவ மூடிறதேயில்லையா?” என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. “பீடிங் போட வேணாண்டு சொல்லல்ல தம்பி. மொதல்ல நீங்க ஏறி, கதவ மூடிட்டு ஒரு பத்து நிமிசம் இருந்து பாருங்க. பொறகு கதைப்பம்” என்றார்.

ஏறி உட்கார்ந்தேன். ஏசி சூட்டுக் காற்றைத்தான் சுற்றிவிட்டது. மூன்று பக்கமும் கண்ணாடி, மேலே இரும்புக் கூரை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சற்று நேரத்தில் நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கியது, கை லீவரில் வழுக்கியது. இறங்கி வந்ததும் அவர் சொன்னது இன்னும் முக்கியமானது.

“சூடு மட்டுமில்ல. மேல மலையில கல் கழண்டா மொதல்ல ஒரு சத்தம் வரும். கதவு மூடினா அது கேக்காது. கீழ நிக்கிற பொடியன் விசிலடிச்சாலும் கேக்காது. இன்னொண்டு, இந்த லொக் உள்ளுக்கயிருந்து சில நேரம் தொறக்காது. வண்டி சரிஞ்சா நான் எப்படி வெளிய பாயுறது?”

அந்த மனிதர் தூசிக்குப் பயப்படாதவர் இல்லை. மெதுவாகக் கொல்லும் தூசியையும் உடனே கொல்லக்கூடிய கல்லையும் எடைபோட்டு, கதவைத் திறந்து வைத்திருந்தார். அவருடைய இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். கதவு மூடாததைப் பழக்கக் கோளாறு என்று பேசுவது எவ்வளவு அநியாயம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அன்று பீடிங்கைத் தொடவில்லை. ஏசியின் கண்டென்சரைத் திறந்தோம். தகட்டிடுக்கெல்லாம் கல்மா இறுகிப் போயிருந்தது. கழுவி வாயு நிரப்பியதும் குளிர் வந்தது. வெளிக்காற்று இழுக்கும் பக்கத்தில் ஃபில்ட்டரே இல்லை. அடைத்துப் போனதை யாரோ கழற்றி எறிந்துவிட்டு மாற்றாமல் விட்டிருந்தார்கள். புதியது போட்டோம். விசிலுக்குப் பதிலாக ஓப்பரேட்டருக்கும் பொடியனுக்கும் ஆளுக்கொரு வோக்கி டோக்கி. மலைமுகத்தைக் கவனிக்க என்றே ஒருவரை நிறுத்தச் சொன்னோம். லொக்கைக் கழற்றிச் சீராக்கி, பின் கண்ணாடி அருகே அதை உடைக்கும் சுத்தியல் மாட்டினோம். பிணைச்சல் ஆணியை மாற்றினோம். ரப்பருக்கு ஆனதைவிட இந்த வேலைகளுக்குத்தான் செலவு கூட. முதலாளி முகம் சுளித்தார். இருமல் எங்கேயிருந்து வருகிறது என்று விளக்கியபோது ஒத்துக்கொண்டார்.

பீடிங் கடைசியில்தான் வந்தது. அதிலும் அவர் பேச்சு என் கணக்கை மாற்றியது. இறுக்கமான பீடிங் நன்றாக அடைக்கும் என்று தோன்றும். ஆனால் 10 சென்ரிமீற்றர் நீளத்தை நசுக்க அரைக் கிலோ பாரம் வேண்டுமென்றால், 5 மீற்றர் சுற்றளவுக்கு 25 கிலோ. நாளெல்லாம் ஏறி இறங்குகிறவர் ஒவ்வொரு தடவையும் அந்தப் பாரத்தை இழுத்து அறைய மாட்டார், பாதியில் விடுவார். நான் மெல்லிய சுவருள்ள பெரிய குமிழைத் தெரிந்தெடுத்தேன். காற்றுப் புகாத கெபினில் கதவை மூடும்போது உள்ளே அடைபட்ட காற்று கதவைத் திருப்பி உதைக்கும். அது வெளியேற, ஒருபக்கம் மட்டும் திறக்கும் சிறு மடல் ஒன்றைப் பின்சுவரில் வைத்தேன். அந்தக் கதவு இரண்டு விரலால் மூடுகிற மாதிரி வந்தது. குழாயில் சிவப்புத் தண்ணீர் 6 மில்லிமீற்றர் ஏறி நின்றதை அவரும் குனிந்து பார்த்தார். கயிற்றை அவரே அவிழ்த்தார்.

அதன் பிறகு அமெரிக்க விதியை மறுபடி வாசித்தேன். மூடிய கெபின் என்றால் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல் அதில் இருக்கிறது: சரியாக மூடும் கதவு, பழுதில்லாத பீடிங், உள்ளே மேலழுத்தம், நுண்துகளில் நூற்றுக்கு 95 பங்கைப் பிடிக்கும் ஃபில்ட்டர், கெபினில் படிந்த தூசியைத் துப்புரவாக்குதல். அதே பட்டியலில், அதே வரிசையில், வெப்பமூட்டலும் குளிரூட்டலும் இருக்கின்றன. முன்பு அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன். ஏசி சொகுசுக்காக அங்கே வரவில்லை. ஏசி இல்லாத கெபினில் கதவு மூடாது, கதவு மூடாவிட்டால் மற்ற எல்லாமே வீண் என்பதால் வந்திருக்கிறது.

இப்போது எந்த இயந்திரத்துக்குப் போனாலும் அளவுநாடா எடுப்பதற்கு முன் ஓட்டுகிறவரிடம்தான் பேச்சு. எப்போதெல்லாம் கதவைத் திறக்கிறீர்கள், எதற்காக என்று கேட்பேன். வயலில் ஓட்டுகிறவர் வரம்பைக் குனிந்து பார்க்கத் திறப்பார். அங்கே தேவை இன்னொரு பக்கக் கண்ணாடி. இன்னொருவர் உள்ளே டீசல் மணம் என்று திறப்பார். தரைத்தகட்டில் வயர் போகும் துளை திறந்திருக்கும். ஒவ்வொரு காரணமும் என் வேலையில் ஒரு பாகம். காரணம் தெரியாமல் பீடிங் மட்டும் வைத்துவிட்டுக் காசு வாங்க எனக்கு மனம் வராது.

முதலாளிமாருக்கு ஒரு வேண்டுகோள். இயந்திரம் வாங்கும்போது பக்கெட் அளவையும் ஓடிய மணித்தியாலத்தையும் கேட்கிறீர்கள். கதவை மூடி ஏசியைப் போட்டு, உச்சி வெயிலில் அரை மணிநேரம் உள்ளே உட்கார்ந்தும் பாருங்கள். உங்களால் இருக்க முடியாவிட்டால் உங்கள் ஓப்பரேட்டராலும் முடியாது. ஓட்டுகிற நானாமாருக்கும் தம்பிமாருக்கும்: பீடிங்குக்குக் கிறீஸ் பூசாதீர்கள், சவர்க்காரத் தண்ணீர் போதும். இரவில் கெபினுக்குள் டோர்ச் வைத்துக் கதவை மூடிப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் தூசியும் கசியும். கதவைத் திறந்து வைத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது என்றால் அதைப் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். காரணத்தை வாய்திறந்து சொல்லுங்கள். அதைத் தீர்ப்பது எங்கள் கடமை.