பாத யாத்திரையும் பசித்த வயிறும்

ஆடி கழிந்து ஆவணி பிறந்துவிட்டால், வேளாங்கண்ணி நோக்கிச் செல்லும் சாலைகளெல்லாம் காவி நிறம் பூண்டுவிடுகின்றன. ஆகஸ்ட் 29ஆம் நாள் ஏறும் திருக்கொடியைக் காணவும், செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறந்தநாள் பெருவிழாவில் பங்குகொள்ளவும், ஊர் ஊராய் மக்கள் நடந்தே புறப்படுகின்றனர். தஞ்சையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர், திருச்சியிலிருந்து 150, சென்னையிலிருந்து 300க்கும் மேல். சிறு சப்பரத்தில் மாதா சுரூபத்தை வைத்து இழுத்துக்கொண்டு, ஜெபமாலை சொல்லியவாறு அவர்கள் கடக்கும் தொலைவை எண்ணினால் வியப்பு மேலிடுகிறது. வண்டி வாகனங்கள் மலிந்துவிட்ட இக்காலத்திலும் இப்பக்தி குன்றாதிருப்பது நம் குடும்பங்களின் விசுவாசத்திற்குச் சான்று.

இவ்வாறு புறப்படுவோர் ஆசீர் பெற வரும்போது நம்மிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “சாமி, நடக்கிறதுக்கு முன்னாடி சாப்பிடலாமா?” என்பதே அது. கேள்வி சிறிது, ஆனால் வீட்டுக்கு வீடு விடை வேறு. வெறும் வயிற்றோடு நடந்தால்தான் நேர்ச்சை முழுமை பெறும் என்பர் சில பெரியவர்கள். வழியில் என்ன கிடைக்குமோ, வயிறு கொள்ளுமட்டும் உண்டு புறப்படு என்பர் தாய்மார். காலைதோறும் உடற்பயிற்சி செய்யும் இளைஞர்களோ, வெறும் வயிற்றில் நடந்தால்தான் கொழுப்பு கரையும் என்று புதிய சாத்திரம் ஓதுவர். மூவர் சொல்லிலும் சிறிது உண்மை உண்டு. எவர் சொல்லையும் அப்படியே பின்பற்றினால் ஆபத்தும் உண்டு. ஆகவே இதைச் சற்றே ஆராய்வது நலம்.

நாம் உண்ணும் சோறும் இட்டலியும் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. உடனே செலவாகாத பகுதியை உடல் கிளைகோஜன் என்னும் வடிவில் சேமித்து வைக்கிறது: தசைகளில் 300 முதல் 500 கிராம் வரை, கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராம். தசை தன் இருப்பைத் தானே செலவிடுமேயன்றி இரத்தத்திற்குத் திருப்பித் தருவதில்லை. உண்ணாத வேளையில் இரத்தத்தின் சர்க்கரை குன்றாது காத்து மூளைக்கு ஊட்டும் பொறுப்பு பெரிதும் கல்லீரலுடையது. நாம் உறங்கினும் மூளை ஓய்வதில்லை. எனவே விடியும் வேளையில் கல்லீரலின் களஞ்சியம் பெரும்பகுதி குறைந்திருக்கும். உடலில் கொழுப்பு ஏராளமாய் உண்டு. ஆயினும் அது ஈர விறகைப் போல மெல்லத்தான் எரியும்.

காலையில் அரைமணி, முக்கால்மணி உலாவி வருவோருக்கு இக்கணக்கெல்லாம் தேவையில்லை. நோயற்றவராயின் ஒரு குவளைத் தண்ணீர் அருந்திவிட்டு வெறும் வயிற்றோடு நடக்கலாம்; கெடுதி இல்லை. அந்நேரத்தில் கொழுப்புச் சற்று மிகுதியாய்ச் செலவாவதும் மெய்யே. ஆனால் எடை குறைவது நாள் முழுவதும் உண்டதையும் உழைத்ததையும் பொறுத்தது. உண்டு நடந்தவருக்கும் உண்ணாது நடந்தவருக்கும் முடிவில் பெரிய வேறுபாடு காணப்படுவதில்லை.

மணிக்கணக்காய் நடப்போர் நிலை வேறு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் சமதரையில் ஒரு கிலோமீட்டர் நடக்க 40 முதல் 50 கலோரி வரை செலவாகும். ஒரு நாளில் 25 கிலோமீட்டர் நடந்தால் 1,000 கலோரிக்குக் குறையாது. இதை நம் முன்னோர் கணக்கின்றியே அறிந்திருந்தனர். கதிரறுக்கும் நாளில் நம் உழவர்கள் பழைய சோற்றையும் நீராகாரத்தையும் உண்டுவிட்டன்றோ வயலில் இறங்கினர்! உழைப்புக்கு முன் உண்பதை அவர்கள் பெருந்தீனி என்று எண்ணியதில்லை.

அதற்காக வயிறு முட்ட உண்டு உடனே புறப்படுவதும் நன்றன்று. உழைக்கும் தசைகள் இரத்தத்தைத் தம்பால் ஈர்க்க, செரிமான உறுப்புகளுக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. உண்டது வயிற்றிலே தங்கி, குமட்டலும் நெஞ்செரிச்சலும் உண்டாகின்றன. முன்னுண்டது செரித்ததை அறிந்து உண்ண வேண்டுமென வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வற்புறுத்துவதும் இது பற்றியே. முழுச் சாப்பாடாயின் 3 மணி நேரத்திற்கு முன்னும், நாலைந்து இட்டலி, இடியாப்பம், கஞ்சி போன்றவையாயின் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்திற்கு முன்னும் உண்பது தகும். விடியுமுன் புறப்படுவோருக்கு அதற்கும் பொழுதில்லையெனில், அரைமணிக்கு முன் ஒரு வாழைப்பழமேனும் உண்ணலாம். பூரி, வடை, பரோட்டா, பிரியாணி முதலியன எண்ணெயும் கொழுப்பும் மிக்கவை. வயிற்றை விட்டு இறங்க நெடுநேரமாகும். அவற்றை நடை முடிந்த பின்னர் வைத்துக்கொள்ளலாம்.

வழியிலும் மணிக்கொரு முறை சிறிது உண்பது நல்லது. வாழைப்பழம், கடலை மிட்டாய், பொரியும் பொட்டுக்கடலையும் பைக்குள் கிடக்கட்டும். வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால், உப்பும் சர்க்கரையும் இட்ட எலுமிச்சைச் சாறோ, உப்பிட்ட மோரோ இடையிடையே அருந்துதல் நலம். இரத்தக் கொதிப்பும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் உப்பைக் குறித்து மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். யாத்திரிகருக்குச் சாலையோரம் அன்னமிடும் குடும்பங்களும் இதை மனத்திற் கொள்வார்களாக. எண்ணெய்ப் பலகாரத்தைவிட, ஒரு பழமும் ஒரு குவளை மோரும் நடப்பவருக்குப் பேருதவியாகும்.

இனி, இவ்விஷயத்தில் உயிருக்கே ஆபத்தான ஒன்றைச் சொல்ல வேண்டும். நீரிழிவு நோய்க்காக இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோரும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை உண்போரும் நம் யாத்திரைக் கூட்டங்களில் பலர் உளர். அம்மருந்துகள் இரத்தத்தின் சர்க்கரையைக் குறைப்பவை. நடையும் அதைக் குறைப்பதே. மருந்தை உண்டு, உணவை விட்டு, நடையையும் மேற்கொண்டால் மூன்றும் சேர்ந்து சர்க்கரையை 70 மில்லிகிராமுக்குக் கீழே தள்ளிவிடக்கூடும். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பேச்சுக் குழறல், மயக்கம் என்று அது வளர்ந்து, கவனியாது விட்டால் உயிரையே வாங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கிலிருந்து சென்ற குழுவில் ஐம்பது கடந்த தாய் ஒருவர் இருந்தார். நாமும் அக்குழுவோடு நடந்தோம். இரண்டாம் நாள் காலை, பொழுது நன்றாக ஏறுமுன்னரே, அவர் பேச்சுக் குழறி, உடல் நனைய வியர்த்து, சாலையோரத்தில் சாய்ந்துவிட்டார். அன்னையின் அருள் இறங்கியிருக்கிறது என்றார் ஒருவர். காத்துக் கருப்பு என்றார் இன்னொருவர். உடன் வந்த செவிலியான கன்னியர் ஒருவர் மட்டும் அருகே அமர்ந்து, “அம்மா, காலையிலே மாத்திரை போட்டீங்களா? என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டார். மாத்திரை உண்டாயிற்று, உணவு ஒன்றுமில்லை. அவரால் விழுங்க முடிந்ததால், 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்தார். கால்மணி நேரத்தில் கண் தெளிந்தது. விழுங்க இயலாது மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்று அச்சகோதரி எல்லாரிடமும் எடுத்துரைத்தார்.

தெளிந்த தாய் அழத் தொடங்கினார். “மகளுக்கு ஏழு வருஷமாப் பிள்ளை இல்லை சாமி. வெறும் வயித்தோட நடந்து வர்றேன்னு மாதாகிட்ட நேர்ந்துக்கிட்டேன். இப்ப நேர்ச்சை முறிஞ்சு போச்சே!” என்றார். சர்க்கரை நோயை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டதற்கு, “சொன்னா என்னை வண்டியிலே ஏத்திடுவீங்க. எல்லாரும் பட்டினியா நடக்கையிலே நான் மட்டும் எப்படி உக்காந்து சாப்பிடறது?” என்றார்.

அத்தாயின் கண்ணீரைப் போக்கத் திருச்சபையின் சட்டமே நமக்குத் துணை நின்றது. நேர்ச்சை என்பது இயலக்கூடியதும் மேலானதுமான ஒரு நன்மையைக் குறித்து, மனமாரக் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு வரையறுக்கிறது. உயிருக்கு ஊறு செய்வது மேலான நன்மையாகாது. மேலும் தகுந்த காரணமிருப்பின், தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து தம் மக்களுக்கு விலக்களிக்கப் பங்குக் குருவுக்கு அதிகாரமுண்டு. நேர்ந்தவர் தாமே அதைச் சமமான அல்லது மேலான நன்மையாக மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடந்தருகிறது. இவற்றை விளக்கிச் சொன்னபோது, பசியோடு நடப்பதற்கு மாறாக, வழியிலே நாள்தோறும் பசித்த ஓர் ஏழைக்கு உணவளித்து, அதன்பின் தாமும் உண்டு நடப்பதாக அத்தாய் வாக்களித்தார். அன்று வண்டியில் வந்தார். மறுநாள் சர்க்கரையைச் சோதித்து, உண்டு, நடந்தார். அன்னையின் சந்நிதியையும் அடைந்தார். மகள் இன்னும் காத்திருக்கிறாள். தாயும் ஆண்டுதோறும் நடக்கிறார். உண்ட பின்னரே நடக்கிறார்.

இது பக்தியைத் தளர்த்தும் புதுமை என்று எவரும் எண்ண வேண்டாம். புனித தோமா அக்குவினாரே 13ஆம் நூற்றாண்டில், யாத்திரிகரும் கடுமையாய் உழைப்போரும் உபவாசத்திற்குக் கட்டுப்பட்டவரா என்ற வினாவை எழுப்பி விடை கூறியுள்ளார். பயணத்தைத் தள்ளிவைக்கவோ குறைக்கவோ கூடுமாயின் அவ்வாறு செய்து உபவாசம் காக்கட்டும். நெடுவழி நடக்க வேண்டிய கட்டாயமிருந்து, இரண்டையும் ஒருங்கே செய்ய இயலாதாயின், உபவாசம் அவரைக் கட்டாது என்பது அவர் முடிவு. மன்ரேசாவில் கடும் உபவாசங்களால் உடல் நலிந்த புனித இஞ்ஞாசியார், பின்னாளில், 1548இல், பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு எழுதிய மடலில், உபவாசத்தைக் குறைத்து உடலைப் பேணுமாறு அறிவுறுத்தினார். பாலைநிலத்தில் சோர்ந்து உறங்கிய எலியாவை எழுப்பிய வானதூதர், முதலில் அவருக்குக் கொடுத்தவை அப்பமும் தண்ணீருமே. நாற்பது நாள் நடை அதற்குப் பின்னரே தொடங்கியது.

வழியில் திருப்பலி காண்போர் நற்கருணை உபவாசத்தைக் குறித்துக் கலங்குவதும் உண்டு. 1953 வரை, நள்ளிரவு முதல் தண்ணீரும் அருந்தலாகாது என்பது பொது விதியாயிருந்தது. அவ்வாண்டு பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீருக்கு இடந்தந்தார். 1957இல் உணவுக்கு 3 மணி நேரமாகக் குறைத்தார். 1964இல் ஆறாம் சின்னப்பர் அதை ஒரு மணி நேரமாக்கினார். இன்றும் அதுவே சட்டம். அந்த ஒரு மணியும் திருப்பலி தொடக்கத்திலிருந்தன்று, நற்கருணை உட்கொள்ளும் வேளையிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவது. தண்ணீரும் மருந்தும் எவ்வேளையும் தடையல்ல. முதியோரும் நோயாளரும் அவர்களைப் பேணுவோரும் அந்த ஒரு மணிக்குள் உண்டிருந்தாலும் நற்கருணை உட்கொள்ளலாம்.

ஆயினும் சட்டத்தை அறிவதனால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. அத்தாயை வீழ்த்தியது அறியாமை மட்டுமன்று. தாம் மட்டும் உண்பதற்கு வெட்கப்பட்ட வெட்கமும் ஆகும். புனித அசிசி பிரான்சிசின் தொடக்க காலச் சகோதரருள் ஒருவர், மிகுந்த உபவாசத்தால் ஓரிரவு பசி பொறாது, சாகிறேன் என்று அலறினாராம். பிரான்சிஸ் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. எழுந்து விளக்கேற்றி, பந்தி இடச் செய்து, அச்சகோதரர் தனியே உண்ண நாணாதபடி தாமும் அவரோடு அமர்ந்து உண்டார். மற்றவர்களையும் உண்ணச் செய்தார். அவரவர் உடல் நிலையை அவரவர் அறிந்து நடக்குமாறு பின்னர் அறிவுரை கூறினார்.

நம் யாத்திரைக் குழுக்களுக்கும் இதுவே வழி. புறப்படுமுன் குழுத் தலைவர், யார் யாருக்குச் சர்க்கரை நோய் என்பதை அன்போடு கேட்டறியட்டும். அவர்கள் உணவு, மருந்து, நடை மூன்றைப் பற்றியும் தம் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசட்டும். ஒவ்வொருவர் பையிலும் சிறிது சர்க்கரை இருக்கட்டும். காலையில் ஜெபம் முடிந்ததும் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்டு புறப்படட்டும். உடல் வலுவுள்ளோர் உபவாசம் காக்க விரும்பின், நடவாத வேறு நாளில் வீட்டிலிருந்து காக்கலாம். அதில் மிஞ்சும் உணவை ஏழைக்குக் கொடுக்கலாம். உண்ணாதவரைப் புகழ்ந்து உண்பவரைக் குறைவாய்ப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே ஒழிய வேண்டும். நம் மாதா, பிள்ளைகள் பட்டினி கிடப்பதைக் கண்டு மகிழும் தாயல்லவே! வீடு வந்து சேரும் பிள்ளையிடம் எந்தத் தாயும் முதலில் கேட்பது, “சாப்பிட்டாயா?” என்பதன்றோ?