திரையைப் பார்க்காதவர்

சென்னை ரிச்சி தெருவின் கிளைச் சந்து ஒன்றில், ரெண்டு பேர் சேர்ந்தாற்போல் நிற்க முடியாத கடை. மேசைமேல் மூடி கழற்றிய கம்ப்யூட்டர் கேபினட். அதன்மேல் குனிந்தபடி நாற்பதைத் தாண்டிய மெக்கானிக். எடுபிடிக்கு ஒரு பையன். ஸ்டூலில் டிடிபி சென்டர்காரர்.

"ஃபேன் சுத்துது, லைட் எரியுது. டிஸ்ப்ளே மட்டும் வரலைப்பா. போர்டு போயிருச்சா?"

"பாக்கலாம் சார்."

பையன் பட்டனை அழுத்துகிறான். விசிறி உறுமுகிறது. மானிட்டரில் 'நோ சிக்னல்' தோன்றிக் கறுக்கிறது. டிடிபிக்காரரின் கண் அதைவிட்டு அகலவில்லை. மெக்கானிக் அந்தப் பக்கமே திரும்பவில்லை. கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டுகிறார். விளக்கு எரியவில்லை.

"மானிட்டர் இல்லடா. உள்ளயே எந்திரிக்கல."

பவர் கேபிளைப் பிடுங்கி, பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சக் கரண்டை வடிய விடுகிறார். டார்ச் அடித்து, கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று பார்க்கிறார். குனிந்து முகர்கிறார்; கருகல் வாடை இல்லை. ப்ராசசருக்குப் போகும் பவர் ஒயரை அழுத்திப் பார்க்கிறார். காசு போன்ற பேட்டரியைக் கழற்றி மீட்டர் வைக்கிறார்: 3 வோல்ட். சரிதான். சற்று நேரம் வெளியே வைத்திருந்து மறுபடி மாட்டுகிறார்.

இழுப்பறையிலிருந்து விரல்நுனி அளவு பஸ்ஸர் ஒன்று வந்து போர்டில் ஏறுகிறது. பிறகு இரண்டு ராமையும் கழற்றி, பவர் கேபிளை மறுபடி செருகிவிட்டு, "போடுடா" என்கிறார்.

கீ... கீ... கீ... நீளநீளமாக அலறல்.

டிடிபிக்காரர் பதறி எழுகிறார். மெக்கானிக்கின் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு.

"ராம் இல்லைன்னு சொல்லுது சார். சொல்றதுக்கு ப்ராசசர் உசுரோட இருக்கணும், போர்டும் இருக்கணும். கத்தாம இருந்திருந்தாதான் கவலை."

பையன் அழிரப்பரால் ராமின் தங்கநிறப் பற்களைத் தேய்க்கிறான். 240 பற்கள், இரு பக்கமும் சேர்த்து. தூளை ஊதப் போனவனின் தோளில் ஒரு தட்டு: "எச்சில் தெறிக்கும். பிரஷ் எடு."

ஒரு ராம் முதல் ஸ்லாட்டில் ஏறுகிறது. அலறல். அதை எடுத்துவிட்டு, இன்னொன்றை இரண்டாவது ஸ்லாட்டில் அழுத்துகிறார். இரு முனையிலும் 'டக்' கேட்கும்வரை. பட்டன்.

குட்டையாக ஒரே ஒரு 'பீப்'.

மெக்கானிக் நிமிர்ந்துவிட்டார். திரையில் எழுத்து வந்தது அதற்குப் பிறகுதான்.

"வந்துருச்சு! வந்துருச்சுப்பா!" பர்ஸ் வெளியே வருகிறது. அதற்குள் மெக்கானிக் மெஷினை அணைத்துவிட்டார்.

"ஐயோ, ஏம்ப்பா அணைச்சே?"

"வந்துச்சு சார். ஏன் வரலைன்னு இன்னும் தெரியலையே. ராம் போச்சா, ஸ்லாட் போச்சா? ஸ்லாட்னா போர்டு வேலை."

பீப் கொடுத்த ராமை, முன்பு அலறல் வந்த முதல் ஸ்லாட்டுக்கு மாற்றுகிறார். ஒரு பீப். அலறவைத்த ராமை நல்ல ஸ்லாட்டில் குத்துகிறார். அலறல்.

"ராம்தான் சார். போர்டு நல்லாருக்கு. இப்போதைக்கு ஒண்ணுலயே ஓட்டுங்க. கொஞ்சம் மெதுவாப் போகும். வேணும்னா அப்புறம் வாங்கிப் போட்டுக்கலாம்."

டிடிபிக்காரர் பர்ஸைத் திறந்தபடியே நிற்கிறார். "புதுசு இப்பவே போட்டுடேன்" என்கிறார், கொஞ்சம் யோசித்து. பையன் ராம் வாங்க எதிர்க்கடைக்கு ஓடுகிறான்.