இன்னும் பத்து நிமிஷம்

காயல்பட்டினத்தில் வாப்பா ஹாங்காங்கிலும் பிள்ளைகள் ஊரிலுமாய் இருப்பது புதிதல்ல. 2009-ல் நான் மூன்றாம் வகுப்பு. வாப்பா அங்கே இரவு பத்துக்கு வேலை முடித்தால் இங்கே ஏழரை. உம்மாவும் நானும் பிரவுசிங் சென்டரில் ஆஜர்!

கவுண்டரில் இருக்கும் காக்கா தன் கம்ப்யூட்டரிலிருந்தே எங்கள் கேபினைத் திறந்துவிடுவார். அரை மணி நேரம் முடிந்தால் ஸ்கிரீன் தானே பூட்டிக்கொள்ளும். உம்மாவோ முக்கியமான பேச்சைக் கடைசிக்குத்தான் வைத்திருப்பாங்க. வாப்பும்மாவுக்கு ஆபரேஷன் என்று சொல்லி, "நீங்க வந்துருவீங்கள்ல?" என்று கேட்டதும் பூட்டிக்கொண்டது. பாஸ்வேர்ட் தெரிந்த காக்கா இஷா தொழப் போயிருந்தார். அவர் வந்து திறந்தபோது வாப்பா ஆஃப்லைன்.

பொதுக் கம்ப்யூட்டர்களுக்கென்றே மைக்ரோசாஃப்ட் 2007-ல் ஸ்டெடிஸ்டேட் என்று ஒன்றை இலவசமாகத் தந்தது. ஒவ்வொரு யூசருக்கும் தனியாக நிமிஷம் வைக்கலாம். ரீஸ்டார்ட் செய்தால் முன்னவர் விட்டுப்போனது அழிந்துவிடும். 2011-ல் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது எங்கள் கல்லூரி நூலகக் கம்ப்யூட்டர்களுக்கு லாகினும் நேரமும் வைக்கும் வேலை என்னிடம். லாக்-அவுட் ஆனால் எல்லாம் அழியணும், அதில் நான் கறார். ஆனால் பத்து நிமிஷம் முன்பே எச்சரிக்கை வரும். வரிசையில் யாரும் இல்லையென்றால் உட்கார்ந்திருப்பவரே ஒருமுறை நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்; யாரையும் தேடிப் போக வேண்டாம்.

"ரூல்னா ரூல்தானேடா?" என்கிறான் கூட இருக்கும் நண்பன். அவனிடம் இந்தக் கதையைச் சொன்னதில்லை. இங்கே படித்துக்கொள்ளட்டும்.