சேரின் கொப்பி

நல்லூர், யாழ்ப்பாணம்,
மாசி மாதக் கடைசி வாரம்.

அன்புள்ள நண்பருக்கு,

நல்லூர்க் கந்தனையும் கீரிமலைக் கேணியையும் தரிசித்து வருவதாகத் தங்களிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்ட நான், இங்கு வந்து சேர்ந்தது முதல் கோயில்களைவிடப் பள்ளிக்கூடங்களைப் பற்றியே அதிகம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்றால் தாங்கள் நகைக்கக்கூடும். பிரயாணம் வாய்த்த காலம் அப்படி. 1956-இல் ஓடத் தொடங்கி, 1990-இல் யுத்தத்தினால் நின்று, 2014-இல் மறுபடியும் யாழ்ப்பாணம் வரை வந்து சேர்ந்த யாழ்தேவி வண்டியில், கொழும்புக் கோட்டை நிலையத்தில் காலையில் ஏறி உட்கார்ந்தபோது, என் பெட்டியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்பது சற்று நேரத்திற்குள் தெரிந்தது. எல்லோரும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். டொரொன்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் விடுமுறை வாங்கிக்கொண்டு வந்தவர்கள். ஒருவர் வைத்தியர், ஒருவர் கணக்காளர், ஒருவர் வாடகைக் கார் ஓட்டுபவர்; ஆயினும் அநுராதபுரம் தாண்டுவதற்குள் அந்த உத்தியோக வித்தியாசங்கள் யாவும் கழன்றுபோய், ஒருவரை ஒருவர் "கொக்கு" என்றும் "தவக்களை" என்றும் பட்டப்பெயர் சொல்லி அழைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டனர். வைத்தியர்தான் தவக்களை.

அவர்கள் வந்தது "வடக்கின் பெரும் போர்" பார்ப்பதற்காக. பெயரைக் கேட்டு அஞ்சவேண்டாம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904-ஆம் ஆண்டு தொடங்கிய கிரிக்கெட் ஆட்டம் அது. (இங்கு உயர்நிலைப் பள்ளிகளையும் கல்லூரி என்றே வழங்குகிறார்கள்.) மெய்யான போர் நடந்த காலத்தில் சில ஆண்டுகள் இந்தப் போர் நடைபெறவில்லை, அது போக, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தொடர்ந்துவருகிறது. இதைப் போலவே பிற கல்லூரிகளும் தத்தமக்கென ஒவ்வொரு போரை வைத்துக்கொண்டிருக்கின்றன. மூன்று நாள் ஆட்டத்தில் யார் வென்றார் என்பதைக் காட்டிலும், அந்த மூன்று நாளும் யார் யார் வந்தார்கள் என்பதே பந்தற்கால்களின் அடியில் நின்று பேசுவோரின் பிரதான விஷயமாக இருப்பதைக் கண்டேன். எனக்குக் கிரிக்கெட்டில் உள்ள ஞானம் தாங்கள் அறிந்ததே. ஆகையால் நானும் ஆட்டக்காரரை விட்டுவிட்டு ஆட்டம் பார்க்க வந்தோரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் நடப்பது மத்திய கல்லூரி மைதானத்தில். பண்ணைக் கடற்பக்கமிருந்து உப்புக் காற்று வீசுகிறது. டச்சுக்காரர் கோட்டையும், 1981-இல் ஏறக்குறைய 97,000 நூல்களோடும் ஏட்டுச் சுவடிகளோடும் எரிக்கப்பட்டுப் பின்னர் புதுக்கிக் கட்டப்பட்ட பொது நூலகமும் அருகிலேயே இருக்கின்றன. ஒரு புறம் இளைஞர்கள் பேண்டு வாத்தியத்தோடு பைலாப் பாட்டுப் பாடிக் குதித்துக்கொண்டிருக்க, கச்சான் விற்கும் பெண்கள் சுருள்களை நீட்டிக்கொண்டு வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருக்க, மறுபுறம் மரநிழலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில், வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, குடையை மடித்து முழங்காலில் வைத்துக்கொண்டு, எண்பது வயது கடந்த ஓர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் அமர்ந்திருந்தார். இரண்டு கல்லூரிகளில் எதைச் சேர்ந்தவர் அவர் என்பதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் மற்றக் கல்லூரியின் பழைய மாணவர்கள் என்னை இவ்வூரைவிட்டுச் சுகமாகப் போகவிடமாட்டார்கள்.

அவரைச் சுற்றி நரைத்த தலைகள். பருத்த சரீரமுள்ள ஒருவர், கையிலிருந்த சிகரெட்டைச் சட்டென்று முதுகுக்குப் பின்னே மறைத்து, காலின் கீழே போட்டு மிதித்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"சேர், என்னைத் தெரியுதோ?"

"நில்லு, நில்லு, சொல்லாதை. நீ அளவெட்டி. உன்ர கொண்ணன் உனக்கு மூண்டு வருசம் முந்திப் படிச்சவன். கேத்திரகணிதத்திலை அவன் உன்னைவிட விண்ணன்."

"அண்ணன் போன வருசம் மோசம் போட்டார், சேர். நோர்வேயிலை."

கிழவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு பக்கத்தில் இருந்த பையிலிருந்து தடித்த அட்டை போட்ட கொப்பி ஒன்றை எடுத்து, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, தேடிப் பிடித்த பக்கத்தில் ஒரு பெயருக்கு எதிரே திகதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பெயரைச் சொல்லும்படி அவர் தம்பியைக் கேட்கவே இல்லை.

அந்தக் கொப்பியின் மேல் எனக்கு உண்டான ஆவலை அடக்கமாட்டாமல், அன்று மாலையே, இன்னார் என்று என்னை அறிமுகம் செய்துகொண்டு, அவருடைய வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு போய்ச் சேர்ந்தேன். விறாந்தையில் உட்காரவைத்து, பனங்கட்டியோடு தேநீர் கொடுத்து, அவரே அதை என் கையில் தந்தார். சி.ஆர். கொப்பி என்று இங்கே கடைகளில் விற்கும் பெரிய கணக்குப் புத்தகம். தாம் வகுப்பாசிரியராக இருந்த ஒவ்வோர் ஆண்டின் பெயர்ப்பட்டியலையும் இடாப்பிலிருந்து தம் கைப்படப் பிரதிசெய்து வைத்திருக்கிறார். பெயர்கள் மையினாலும் முகவரிகள் பென்சிலினாலும் எழுதப்பட்டிருக்கின்றன. காரணம் கேட்டதற்கு, "பெயர் மாறாது தம்பி, இருப்பிடந்தானே மாறுது" என்றார். அது வாஸ்தவந்தான். ஒரு பெயருக்கு எதிரே கொண்டாவில் என்று இருந்தது அழிக்கப்பட்டுச் சாவகச்சேரி ஆகி, அதுவும் அழிந்து மல்லாவி ஆகி, கொழும்பில் வெள்ளவத்தையில் ஓர் அறை இலக்கமாகி, கடைசியில் ஸ்காபரோவில் வந்து நிற்கிறது. அழித்து அழித்துக் கடதாசி அந்த இடத்தில் மெலிந்து, பின்பக்கத்து எழுத்துத் தெரிகிறது. சில பெயர்களுக்கு எதிரே எதுவும் இல்லை. அவற்றுள் சிலவற்றின் தலையில் மட்டும் சின்னஞ்சிறு சிலுவையோ, பிள்ளையார் சுழியோ, அவரவர் மதத்திற்கு ஏற்றாற்போல் இட்டிருக்கிறார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த நீலநிற விமானத் தபால்களின் முகவரிப் பகுதியைக் கத்தரித்து அங்கங்கே பசை தடவி ஒட்டிவைத்திருப்பதனால் கொப்பி இரு மடங்கு பருத்துவிட்டது.

இந்த மனிதர் எதற்காக இவ்வளவு சிரமப்பட்டார் என்பது, அந்தக் காலத்துச் சமாசாரத்தைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கிற்று. 1990-க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. மண்ணெண்ணெயும் தடை செய்யப்பட்ட பொருள்களில் ஒன்றாக இருந்தபடியால், ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரியிட்டு எரிக்கும் விளக்கில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்த பாடசாலைகள் வேறு பாடசாலைகளின் கட்டடங்களில் பிற்பகல் நேரம் பெற்று நடந்தன. பின்னர் 1995 ஒக்ரோபர் 30-ஆம் திகதி, யாழ்ப்பாண நகரத்தையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் விட்டு லட்சக்கணக்கான ஜனங்கள் ஒரே இரவில், மழையில், நாவற்குழிப் பாலத்தின் வழியாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, சைக்கிள் கரியரில் மனைவியின் தையல் யந்திரத்தையும் அதன்மேல் பொலித்தீன் உறையில் சுற்றிய இந்தக் கொப்பியையும் கட்டிக்கொண்டு இவரும் நடந்தார். வெளிநாடுகளில் இருந்த பிள்ளைகளுக்குப் பெற்றோர் எங்கே ஒதுங்கினார்கள் என்பது தெரியாது. பெற்றோருக்குப் பிள்ளைகள் கடைசியாக எந்தத் தெருவில் இருந்தார்கள் என்பது நினைவில்லை. இருவருக்கும் தெரிந்த ஒரே மனிதர் சேர். ஆகையால், தகப்பன் பெயரை எழுதி, அதன் கீழே சேர் மூலம் என்று குறிப்பிட்டு, ஐரோப்பாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் காகிதங்கள் வந்தன. தபாற்காரர் கொண்டுவந்து குவிப்பதை இவர் சைக்கிளில் ஏறி, முகாமாயிருந்த கோயில் மடங்களிலும் பள்ளிகளிலும் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். ஊர் திரும்பியபின் யாரும் கேட்காமலே அந்த வேலை தொடர்ந்தது.

பள்ளியின் மேல் பழைய மாணவர்கள் கொள்ளும் பற்று இவ்வூரில் இன்று நேற்று வந்ததன்று. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் நிறுவிய செமினரி, ஆங்கிலப் படிப்பினால் மதப் பிரசாரத்திற்குப் பயன் குறைவு என்று கருதிய மேலிடத்தின் தீர்மானப்படி 1855-இல் மூடப்பட்டது. நம் தேசத்தில் ஒரு பள்ளியை மூடினால், அதில் படித்தவர்கள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வேறு காரியம் பார்ப்பார்கள். இங்கே, செமினரியில் படித்து முன்னுக்கு வந்தவர்களும் ஊர்ப் பெரியோரும் விடாமல் முயன்று, 1872-இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்படும்படி செய்துவிட்டார்கள். அந்தச் செமினரியில் படித்த இருவர், கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும், 1857-இல் நமது சென்னைச் சர்வகலாசாலை நடத்திய முதலாவது பி.ஏ. பரீட்சையில் தேறியவர்கள் என்பதும், பிற்காலத்தில் கலித்தொகையை முதன்முதலாக அச்சேற்றியவர் தாமோதரம்பிள்ளையே என்பதும் தங்களுக்கு நினைவிருக்கும். அவரைச் சென்னைக்கு அழைத்துத் தினவர்த்தமானிப் பத்திரிகையை ஒப்படைத்தவர், முன்பு யாழ்ப்பாணத்தில் பள்ளி நடத்திய பேர்சிவல் பாதிரியார். அந்தப் பள்ளியில் படித்து அவரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1848-இல் வேலையை உதறிவிட்டு, வண்ணார்பண்ணையில் சைவத்துக்கென்றே வித்தியாசாலை கண்டார். ஆசிரியரை விட்டு விலகியும் அவரிடம் கற்றதைப் பரப்பலாம் என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை.

இன்னுமொரு வழக்கம். இங்கே ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையன்று வருவோர்க்குச் சிறு புத்தகம் ஒன்று அச்சிட்டு வழங்குகிறார்கள்; கல்வெட்டு என்று அதற்குப் பெயர். வம்சாவளியும் தேவாரமும் இருக்கும். இறந்தவர் ஆசிரியரானால், பழைய மாணவர்களின் கட்டுரைகள் பின்பாதி முழுவதையும் அடைத்துக்கொள்ளும். சேரிடம் ஓர் அலுமாரி நிறைய இவை இருக்கின்றன. நான் புரட்டிப் பார்த்தவற்றில் புகழ்ச்சியே மிகுதி என்றாலும், தமது ஆசிரியர் பிரம்பால் அடித்த தழும்பு எந்த முழங்கையில் இன்னும் இருக்கிறது என்று எழுதிய ஒருவரின் கட்டுரை உண்மையாக இருந்தது. உதயன் பத்திரிகையில் வரும் மரண அறிவித்தல்களையும் சேர் தினந்தோறும் வாசிக்கிறார். பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்களல்லவா, அதைப் பார்த்துத் தம் கொப்பியைத் திருத்துவதற்காக. பொது நூலகம் எரிந்தபின், பழைய பள்ளிச் சஞ்சிகைகள் வேண்டுமானால் யாரேனும் ஒரு பழைய மாணவரின் டிரங்குப் பெட்டியைத்தான் நாடவேண்டும் என்ற நிலை இருந்தது. 2005-இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம முயற்சி அந்தச் சஞ்சிகைகளையும் கல்வெட்டுகளையும் பிரதி எடுத்து யாவரும் வாசிக்கும்படி வைத்துவருவது பெரிய உபகாரம்.

புலம்பெயர்ந்த நகரங்கள் தோறும் பழைய மாணவர் சங்கக் கிளைகள் இருக்கின்றன. அவை அனுப்பும் பணத்தினால் மண்டபமும் நீச்சல் தடாகமும் எழும்புகின்றன. அவற்றைக் குறை சொல்ல நான் யார்? ஆனாலும், மைதானத்துப் பந்தலில் "உயர்தரம் எண்பத்தெட்டு" என்றும் "எண்பத்தொன்பது" என்றும் பதாகை கட்டித் தனித்தனி வட்டமாக நிற்கும் இந்த அன்பர்கள், சாதாரண தரத்தோடு படிப்பை விட்டுவிட்டுக் கடலுக்குப் போனவனையும், தோட்டத்தில் வெங்காயம் நட்டவனையும் தம் வட்டத்துக்குள் கூப்பிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அன்று பந்தலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். உள்ளே நின்ற கணக்காளரும் அவரும் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்தவர்கள் என்பதைச் சேர்தான் எனக்குச் சொன்னார். சேரின் கொப்பியில் இருவர் பெயரும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. சங்கத்து மலரில் ஒருவர் பெயர்தான் இருக்கிறது. சங்கத்து இராப்போசனத்திற்குச் சீட்டு விலை வைத்தால் இப்படித்தான் ஆகும். அதிலும், கிளைகளுக்குள் தலைவர் பதவிக்கு நடக்கும் சண்டைகளைக் கேட்டால், நம் ஊர்க் கோயில் தர்மகர்த்தாக்கள் சாதுக்கள் என்று சொல்லிவிடலாம். வெளியே இருப்பவர்கள் தாங்கள்தாம் பள்ளியைக் காப்பாற்றுகிறோம் என்று நம்புகிறார்கள். நான் கண்டமட்டில், எங்கும் போகாமல் இருந்த இடத்திலேயே இருந்த ஒரு சிலரால்தான் போனவர்களுக்கு வந்து சேர ஓர் இடம் இருக்கிறது. சைக்கிள்காரரையும் அந்தச் சிலரில் ஒருவராகவே எண்ணுகிறேன்.

நாளைக் காலை குறிகட்டுவானுக்குப் போய் அங்கிருந்து படகில் நயினாதீவுக்குச் செல்ல உத்தேசம். அம்மன் கோயிலைப் பற்றி அடுத்த கடிதத்தில். இப்போது தங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். சேரின் மாணவர் ஒருவர் 1980-களின் நடுவில் படகேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் சில காலம் இருந்து, பிறகு சென்னைக்குப் போனவர். கோடம்பாக்கத்தில் அச்சுக்கூடம் ஒன்றில் வேலை செய்வதாக எழுதியதுதான் கடைசிக் கடிதம். பெயரையும் அந்த அச்சுக்கூடத்து விலாசத்தையும் தனித்தாளில் இத்துடன் வைத்திருக்கிறேன். தெருவின் பெயர் மாறியிருக்கலாம், அச்சுக்கூடமே இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் அந்தப் பக்கத்து அச்சுக்காரர்கள் தங்களுக்குப் பழக்கமானவர்களாயிற்றே, ஒரு மாலைப்பொழுது நடந்துபோய் விசாரித்துப் பாருங்கள். ஆள் கிடைத்தால் தொலைபேசியில் கூப்பிட வேண்டாம், சேருக்கு ஒரு கடிதம் எழுதிப்போடச் சொல்லுங்கள். உறையின் பின்பக்கத்தில் முழு விலாசமும் இருக்கவேண்டும், அவருக்குக் கத்தரித்து ஒட்டுவதற்கு.

தங்கள் அன்புள்ள,
நண்பன்.